விளிம்பில் இருக்கும் பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிய ஆயா ஒருவர், தன் அப்பா பட்டாளத்தில் வாங்கிய மெடல்களைப் பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். பாயில் கொட்டினார். நாலு மெடல். எல்லாம் அப்படி மின்னின.

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்ச்சிருவேன் கண்ணு" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. வட்டமான மெடல் ஒன்றை எடுத்து, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ் வழியே விளிம்பைப் பார்த்தேன். செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, மெல்லத் திருப்பினால்தான் எழுத்து தெரிந்தது. முதலில் எண். அப்புறம் எஸ்.பி.ஆர். என்று மூன்று எழுத்து. அதற்கு அர்த்தம் சேப்பர், பாலம் கட்டுகிற, கண்ணிவெடி எடுக்கிற மெட்ராஸ் சேப்பர்ஸ் படைப்பிரிவு ஆள். அடுத்து பெயர். முன்பாதி இருக்கிறது, கடைசி எழுத்துகள் தேய்ந்தே போய்விட்டன.

அந்த ஆயாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அப்பா மேல் வைத்த பாசத்தில் தேய்த்தார். விளிம்பில் பெயர் இருக்கிறது என்று அவருக்கு இத்தனை வருஷத்தில் யாருமே சொல்லவில்லை.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்களிடம் நான் கேட்பது இதைத்தான். வீட்டில் பட்டாளத்து மெடல் இருந்தால், ராஜா தலையையும் சிங்கத்தையும் பார்ப்பதற்கு முன்னால் விளிம்பைப் பாருங்கள். நட்சத்திர வடிவமாக இருந்தால் பின்பக்கத்தைத் திருப்புங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இந்த ஒரு வரிதான் மெடல். மற்றதெல்லாம் லட்சக்கணக்கில் அடித்த ஒரே அச்சு. முதல் உலகப்போருக்கான பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளியில் மட்டும் அறுபது லட்சத்துக்கும் மேல் அடித்திருக்கிறார்கள். அதில் உங்கள் பாட்டன் பெயர் இருப்பது ஒன்றே ஒன்று.

இரண்டாம் உலகப்போர் மெடல்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் போடாமலேயே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்கு வந்ததில்தான் பெரும்பாலும் பெயர் இருக்கும். அதைப் புளியில் கரைக்கலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் வீட்டுக் கதை. என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போரில் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக் பக்கம், போய் வந்தவர். அவருக்கு இரண்டு மெடல். ஒன்று வெள்ளி வார் மெடல், இன்னொன்று வெண்கல விக்டரி மெடல், இறக்கை விரித்த பெண் உருவம் போட்டது. 1980-ல் வெள்ளி விலை எகிறியபோது உலகம் முழுக்க இந்த வார் மெடல்களை உருக்கித் தள்ளினார்கள். எங்கள் வீட்டு மெடலும் அந்த வருஷம்தான் கடைக்குப் போய்க் கொலுசாகி வந்தது. கடைக்காரர் எடை பார்த்தாரே தவிர, விளிம்பில் ஒரு மனிதன் பெயர் இருக்கிறதே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெண்கலத்துக்கு விலை இல்லை என்பதால் விக்டரி மெடல் தப்பியது. கொள்ளுத்தாத்தா பெயரை நான் கையால் தடவிப் பார்க்க முடிகிற ஒரே இடம் அதுதான்.

ஆயா வீட்டு மெடல்களும் அப்படித்தான் தப்பியிருக்கின்றன. இரண்டாம் உலகப்போர் வார் மெடல் தாமிரமும் நிக்கலும் கலந்தது. "வெள்ளியே இல்லைன்னு ஆசாரி திருப்பிக் குடுத்துட்டான்" என்றார். நல்லவேளை.

தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஆநிரையை மீட்கும்போது பட்டான், அவன் பெயர் என்ன என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மெடல் விளிம்பில் இருப்பதும் ஏறக்குறைய அதே விவரம்தான். நடுகல்லைத் துணி துவைக்கப் போட்டிருந்தால் கோபப்படுகிறோம். மெடலை எடைக்குப் போட்டால் யாரும் கண்டுகொள்வதில்லை.

சேகரிப்பவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மூன்று வருஷம் முன்னால் ஒரு வியாபாரியிடம் ஐயாயிரம் கொடுத்து ஒரு வார் மெடல் வாங்கினேன், தமிழ்ப் பெயர் போட்டது. வந்ததும் வெர்னியர் அளவுகோல் வைத்துக் குறுக்களவை அளந்தேன். 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 35 கூட இல்லை. விளிம்பை அரத்தால் ராவி, பழைய பெயரை அழித்து, விலை போகும் பெயரைப் புதிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். வார் மெடலில் அசல் எழுத்து என்றால் அச்சால் அழுத்தியதாக இருக்கும், ஒரே ஆழம், ஒரே வரிசை. செதுக்கிய எழுத்தில் உளி ஓடிய கோடு லென்ஸில் தெரியும். செதுக்கியதெல்லாம் போலி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். 1908-ம் ஆண்டின் இந்தியப் பொதுச் சேவை மெடலில் சாய்வாகச் செதுக்கிய அசல் எழுத்தே உண்டு. பெயரே இல்லாத மெடலும் ஏமாற்று என்று அர்த்தமில்லை. அணிவகுப்பில் குத்திக்கொள்ள ஜவான்கள் கடையில் நகல் செட் வாங்குவது வழக்கம். ஆனால் ராவிய விளிம்புக்கு ஒரு சமாதானமும் கிடையாது. யாரோ ஒரு சிப்பாய் இரண்டாம் முறை செத்த மாதிரி எனக்கு இருந்தது.

வார்ப்புப் போலி வேறு ரகம். அசல் மெடலை அச்சாக வைத்து வார்ப்பதால் கொஞ்சம் சுருங்கிவிடும். ராஜா கழுத்தோரம் குண்டூசி முனை அளவுக் குழிகள் இருக்கும், முடி இழைகள் மழுங்கியிருக்கும்.

வெளிநாட்டுக்காரர் நல்ல விலை தருகிறார் என்று கூரியரில் அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. முதல் உலகப்போர் மெடல்கள் இப்போது நூறைத் தாண்டிவிட்டன. விற்றே ஆக வேண்டிய கஷ்டம் என்றால், ஒருவருடைய மெடல்களைப் பிரிக்காமல் ஒரே ஆளிடம் கொடுங்கள். பட்டாளத்திலிருந்து விடுபடும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆயாவிடம் டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தது, செல்லரித்து. பெயர் இருக்கிற பக்கம் மட்டும் முழுசாக இருந்தது. தேய்ந்துபோன எழுத்துகளை அதிலிருந்து படித்துச் சொன்னேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி மூன்று தடவை சொல்லச் சொன்னார். பிறகு மெடல்களைத் தன் பழைய சேலைத் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி டப்பாவில் வைத்தார். "புளி வேண்டாம்ல?" என்று கேட்டுக்கொண்டார்.

நாலில் ஒன்றான பர்மா ஸ்டார் என்ற நட்சத்திர மெடலின் பின்பக்கத்தைப் படிப்பதற்குள் இருட்டிவிட்டது. வருகிற ஞாயிறு மறுபடியும் போகிறேன்.