36 மாதப் பணமும் 11 வருடச் சூரியனும்

2024 மே 10, வெள்ளிக்கிழமை. ராத்திரி பத்தரை மணி வாக்கில் சூரியப் புயல் ஒன்று பூமியில் வந்து மோதியது. 2003க்குப் பிறகு அவ்வளவு பெரியது வந்ததில்லை. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்து கிடந்த படங்களை மறுநாள் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் அதைப் பார்த்த கையோடு கல்லூரிக்கு ஓடினேன். மூன்றாம் மாடி ஏறி, எங்கள் ஜி.பி.எஸ். ரிசீவரோடு இணைந்த கணினியைத் திறந்தேன். தரவுக் கோப்பு முந்தைய நாள் மாலை 6.40க்கே நின்றுபோயிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். சாயங்காலம் இடி மழை, கரண்ட் போய்விட்டது. யூ.பி.எஸ். பதினோரு நிமிடம் தாங்கிவிட்டு அணைந்துவிட்டது. கரண்ட் திரும்ப வந்தபோது கணினியை ஆன் செய்ய அங்கே ஆள் இல்லை.

பேட்டரி செத்துக்கொண்டிருப்பது எனக்கு ஏழு மாதமாகத் தெரியும். யூ.பி.எஸ். பார்க்க வந்த அண்ணாச்சி அப்போதே சொல்லிவிட்டார்: "மேடம், நாலும் போயிட்டு. ஒண்ணு ரெண்டு மாத்தினா வேலைக்கு ஆவாது." நாலுக்கும் சேர்த்து 28,000 ரூபாய். ஆனால் எங்கள் புராஜெக்ட் 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. முடிந்த புராஜெக்டில் ஒரு திருகாணிகூட வாங்க முடியாது. கல்லூரியில் கேட்டால், அதற்கான செலவுத் தலைப்பில் நிதி இல்லை என்றார்கள். நிதி தந்த துறைக்கு எழுதினேன், பதில் வரவில்லை.

எந்தத் துறை, எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருக்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மொட்டைமாடியில் ரிசீவர் எதற்கு என்று வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். பூமிக்குக் காந்த நிலநடுக்கோடு என்று ஒன்று உண்டு. அது இந்தியாவின் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. 1963 நவம்பரில் இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். பொழுது சாய்ந்த பிறகு, நம் தலைக்கு மேலே, காற்று மின்னூட்டம் பெற்றுக் கிடக்கிற அயனி மண்டலத்தின் அடியிலிருந்து அடர்த்தி குறைந்த பிளாஸ்மா குமிழிகள் கிளம்பி உயரே போகும். கஞ்சி கொதிக்கும்போது அடியிலிருந்து குமிழ் எழுமே, அந்த மாதிரி. அவற்றின் ஊடாக வருகிற செயற்கைக்கோள் சிக்னல் கலங்கிவிடும். விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் அமைப்பை இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் உருவாக்கியபோது, அவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தவற்றில் இதுவும் ஒன்று. சூரியப் புயல் நாட்களில் இந்தக் குமிழிகள் சில சமயம் எழாமலே போகும், சில சமயம் வேளைகெட்ட வேளையில் எழும். எது எப்போது நடக்கும் என்பதை நிச்சயமாகச் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை. அதற்குப் பல ஊர்களிலிருந்து, பல புயல்களின் தரவு வேண்டும். மே 10 ராத்திரிக்கு மற்ற நிலையங்களின் தரவு இருக்கிறது. எங்கள் மாடிக்கு மேலே இருந்த வானத்தின் தரவு மட்டும் இல்லை. அதை இனி எங்கே போய் எடுப்பது?

சரி, பணக் கதைக்கு வருகிறேன்.

மூன்று வருட புராஜெக்ட். சாங்ஷன் ஆர்டர் 2020 செப்டம்பரில் கைக்கு வந்தது. முதல் தவணை ஜனவரியில். ரிசீவர் வெளிநாட்டுத் தயாரிப்பு. 200 கோடி ரூபாய்க்குக் கீழே உலக டெண்டர் கூடாது என்று 2020இல்தான் விதி வந்திருந்தது. ஒன்பது லட்ச ரூபாய்க் கருவிக்கு நாங்கள் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு சாண் உயரம் வரும். கருவி வந்து சேர்ந்தது 2022 ஆகஸ்டில். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜூலை 18 முதல், ஆராய்ச்சிக் கருவிகளுக்கு இருந்த 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. சலுகை போய் 18 விழுக்காடு ஆகிவிட்டது. ஒன்பது லட்சத்துக்குக் கூடுதல் 13 விழுக்காடு என்றால் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம். சாங்ஷன் தொகை கூடவில்லை. ஒரு துறை கொடுத்த பணத்தை இன்னொரு துறை வரியாக வாங்கிக்கொண்டது. அந்தப் பள்ளத்தை நிரப்ப, புது யூ.பி.எஸ்.ஸுக்கும் பேட்டரிக்கும் வைத்திருந்த பணத்தை எடுத்தோம். கணினி லேபில் கழித்துப்போட்ட பழைய யூ.பி.எஸ். மாடிக்கு வந்தது அப்படித்தான்.

ஆக மூன்று வருட புராஜெக்டில் கருவி ஓடியது பதின்மூன்று மாதம். கருவி வந்து சேர்வதற்குள்ளேயே இரண்டு மார்ச் 31 வந்து போயிருந்தது. செலவாகாத பணம் திரும்பிப் போகும், பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்ற சான்றிதழ், அதாவது யூசி, அனுப்ப வேண்டும், அது ஏற்கப்பட்ட பிறகுதான் அடுத்த தவணை. இடையில் புராஜெக்டில் இருந்த பெண்ணுக்கு ஏழு மாதம் சம்பளம் வரவில்லை. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம், வீட்டில் முதல் பட்டதாரி. ஆண்டெனாவின் வெள்ளை மூடி மேல் காக்கா எச்சம் படிந்தால் சிக்னல் கெடுமோ என்ற பயத்தில், தினமும் காலையில் ஈரத்துணியோடு மாடி ஏறுவாள். முதல் முறை குமிழி பதிவான ராத்திரி பத்து மணிக்கு போன் செய்து, "மேடம், வந்துட்டு, வந்துட்டு" என்று கத்தினாள். ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை 2023இல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆனது நல்ல விஷயம்தான். ஆனால் அவளுக்கு அப்போது தேவைப்பட்டது உயர்வு இல்லை, மாதா மாதம் வருவது. இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். அவள் நன்றாக இருக்க வேண்டும். அவளைப் போன்ற ஒரு கண் எனக்கு இனிமேல் கிடைக்குமா தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது இதைத்தான். புள்ளியும் புயலும் கூடிக் குறைந்து, சூரியன் தன் ஆட்டத்தை ஒரு சுற்று ஆடி முடிக்கக் கிட்டத்தட்ட 11 வருடம் ஆகும். இப்போதைய சுற்று 2019 டிசம்பரில் தொடங்கியது. நாம் பணம் கொடுப்பதோ 36 மாதத்துக்கு. கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூக்கப் பன்னிரண்டு வருடம். மூன்று வருடம் காவல் காத்துவிட்டு, இந்தச் செடி பூக்கவே பூக்காது என்று எழுதிக்கொடுத்தால் எவ்வளவு சரியோ, மூன்று வருடத் தரவை வைத்துச் சூரியனைப் பற்றி எழுதுவதும் அவ்வளவுதான் சரி.

கொடைக்கானல் என்றதும் ஏரியும் படகும்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. அந்த மலை மேல் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1904 முதல் சூரியனின் வெள்ளொளிப் படங்கள், 1907 முதல் கால்சியம் ஒளியில், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியில். மேகம் விட்ட நாளெல்லாம் எடுத்து எடுத்து, கண்ணாடித் தகடுகளாகச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு உலகப் போர்கள் வந்தன, வெள்ளைக்காரன் போனான், நாடு மாறியது, படம் எடுப்பது மட்டும் நிற்கவில்லை. சூரியக் கரும்புள்ளியின் ஓரங்களில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்ததும் அங்கேதான். இன்றைக்கும் அதற்கு உலகம் முழுக்க எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். அந்தத் தகடுகளை இப்போது டிஜிட்டல் ஆக்கி வைத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஒரே இடத்திலிருந்து பார்த்த சூரியன் என்பதால், எந்த நாட்டுக்காரர்களும் அதைத் தேடி வருகிறார்கள்.

அந்த ஆய்வகம் எப்படி வந்தது தெரியுமா? நம் பாட்டிமார் சொல்வார்களே, தாது வருஷப் பஞ்சம், அதிலிருந்து. 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தில் மழை பொய்த்து, லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். ஊர் செத்துக்கொண்டிருந்தபோது தானியத்தைக் கப்பலேற்றிய அரசைப் புகழ என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், பருவமழைக்கும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கச் சூரியனைத் தினமும் கவனிக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. கொடைக்கானலுக்குப் பணம் வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

"சோத்துக்கு வழியில்லாத நாட்டில் சூரியனுக்கு எதற்குக் காசு" என்று கேட்கிற நண்பர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இந்த மண்ணில் சோற்றுக்கு வழியில்லாமல் போன பிறகுதான் சூரியனைத் தினமும் பார்க்க ஆரம்பித்தார்கள். புள்ளிகளை எண்ணி மழையைச் சொல்லிவிடலாம் என்ற அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. மூன்றாம் வருடம் ஒரு மதிப்பீட்டுக் குழு வந்து, "மழை சொன்னீர்களா?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே பூட்டியிருப்பார்கள். பூட்டாமல் விட்டதால், அவர்கள் நினைத்தே பார்க்காத வேலைக்கு அந்தத் தகடுகள் இன்று உதவுகின்றன. செயற்கைக்கோளே இல்லாத காலத்தில் எடுத்த படத்தை, செயற்கைக்கோளுக்கு ஆபத்து எப்போது வரும் என்று அறியப் பயன்படுத்துகிறோம். 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் நாற்பது வரை விழுந்து எரிந்தது நினைவிருக்கும். அன்று வந்தது பெரிய புயல்கூட இல்லை.

ஊட்டி முத்தோரையிலும் இதே பாடம்தான். மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிற ரேடியோ தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் 1970இல் கட்டி முடித்தது. சூரியக் காற்றின் வேகத்தை அதை வைத்து இன்றும் அளக்கிறார்கள். ஊட்டியிலேயே இருக்கிற கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர்க் கருவி, 2015 ஜூன் 22 புயலின்போது பூமியின் காந்தக் கவசம் சிறிது நேரம் பலவீனப்பட்டதைப் பிடித்தது. அன்றைக்கு அந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. நிறுவனத்தின் நிரந்தர நிதியில் ஓடுகிற கருவி அது. யாரும் புது புராஜெக்ட் எழுதிக் காத்திருக்கவில்லை.

ஆதித்யா-எல்1 பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2023 செப்டம்பர் 2இல் கிளம்பி, 2024 ஜனவரி 6இல் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்றது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர். அன்றைக்கு எங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகள் முகத்தில் பார்த்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். ஏவும் செலவு நீங்கலாக 378 கோடி ரூபாய் என்று மதிப்பிட்ட திட்டம். செலவழித்தது மிகச் சரி என்பேன். ஆனால் மேலே இருந்து அது அனுப்புவதைக் கீழே உட்கார்ந்து படிக்க ஆள் வேண்டும். புயல் சூரியனை விட்டுக் கிளம்பியது என்று ஆதித்யா சொல்லும். அது நம் ஊர் வானத்தை என்ன செய்தது என்று சொல்ல மொட்டைமாடியில் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விண்கலத்துக்குக் கோடிகளில் கிடைக்கிறது, பெட்டிக்கு 28,000 கிடைக்கவில்லை.

நாடு முழுவதும் ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடு. 2020-21 கணக்கு அது. 2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சட்டம் போட்டு, ஐந்து வருடத்தில் 50,000 கோடி என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது கணக்கு. மருந்துக்கும் பேட்டரி காருக்கும் கம்பெனிகள் தரலாம். மார்ச் மாதம் மூன்றாம் தேதி சூரியனில் எத்தனை புள்ளி இருந்தது என்று எழுதிவைக்க எந்தக் கம்பெனி தரும்? இது அரசு மட்டுமே செய்யக்கூடிய வேலை. லடாக்கில் பாங்காங் ஏரிக்கரையில் மெராக்கில் இரண்டு மீட்டர் சூரியத் தொலைநோக்கி அமைக்க வேண்டும் என்று பதினைந்து வருடத்துக்கும் மேலாகப் பேசுகிறார்கள். அதைப் பேசத் தொடங்கிய பிறகு ஒரு முழுச் சூரியச் சுற்றே போய்விட்டது.

அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு ஒரு முறை சூரிய, விண்வெளி இயற்பியல்காரர்கள் கூடி, அடுத்த பத்து வருடத்துக்கு எது முதலில், எது பிறகு என்று அறிக்கை தருகிறார்கள். கடைசியாக 2024 டிசம்பரில் தந்தார்கள். அடுத்த வருடமே நாசாவின் அறிவியல் பணத்தை ஏறக்குறைய பாதியாக வெட்டும் திட்டத்தை அவர்கள் அரசு முன்வைத்தது. அங்கேயும் நிம்மதி இல்லை. ஆனாலும் வெட்டுகிறபோது எது வெட்டுப்படுகிறது என்று எடுத்துக்காட்ட அவர்களிடம் ஒரு பட்டியலாவது இருக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் கொள்முதல் விதிகளைத் தளர்த்தி, அரசின் ஜெம் என்ற இணையக் கொள்முதல் தளத்துக்கு வெளியேயும் அறிவியல் கருவிகள் வாங்கலாம் என்று இயக்குநர்களுக்கும் துணைவேந்தர்களுக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் அது வாங்குவதற்கு. வாங்கிய பிறகு ஓட்டுவதற்குத்தான் வழி இல்லை. தொடர் கண்காணிப்புக்கு என்று தனி நிதி வேண்டும், ஒரு சூரியச் சுற்று முழுக்க, பதினோரு வருடம். வருடத்துக்கு ஒரு லட்சம் இருந்தால் எங்கள் மாடி ஓடும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை வந்து பார்க்கட்டும், தரவு இல்லையென்றால் நிறுத்தட்டும், தவறே இல்லை. கருவி வந்த நாளிலிருந்து கணக்குத் தொடங்கட்டும், கடிதம் வந்த நாளிலிருந்து வேண்டாம். பிள்ளைகளின் சம்பளத்தை மட்டுமாவது யூசியோடு முடிச்சுப் போடாமல் விடுங்கள். தலைப்பு மாறக் கூடாது என்பதற்காக ஒரு பேட்டரி சாக வேண்டாம்.

போன வாரம் மாடிக்குப் போனேன். ஆண்டெனா கம்பத்தின் கிளாம்ப் துருப்பிடித்திருந்தது. மூடி மேல் காக்கா எச்சம் காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது. துணியை நனைத்துத் துடைத்துவிட்டு இறங்கினேன். புது புராஜெக்டுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். முதல் வருடச் செலவில் முதல் வரி பேட்டரி, நாலு. கால அளவு என்ற கட்டத்துக்கு வந்தால், அங்கே நான் எழுத இடமில்லை. 36 மாதம் என்று அவர்களே போட்டு வைத்திருக்கிறார்கள்.