கடைசி எழுத்து வரை பார்க்க விடுங்கள்!

மாதாமாதம் காசு கட்டித்தானே ஓடிடி தளத்தில் படம் பார்க்கிறோம்? ஓசியிலா கேட்டோம்? ஒரு படத்தை அது முடிகிற இடம் வரை பார்க்க விட்டால் உங்களுக்கு என்ன குறைந்துபோகும்?

நேற்று ராத்திரியிலிருந்து வயிறு எரிகிறது. அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. ஆறு மாதமாக டிரம்ஸ் கற்றுக்கொள்கிறான். வகுப்பு இல்லாத நாளெல்லாம் சோபாவின் கைப்பிடிதான் அவனுக்கு டிரம்ஸ். இவனுக்குக் காட்ட வேண்டும் என்று நான் ரொம்ப நாளாக எடுத்து வைத்திருந்த படம் ‘தட் திங் யூ டூ’. டாம் ஹாங்ஸ் முதன்முதலாக இயக்கிய சினிமா, 1996ல் வந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஈரி என்கிற ஊர், வருடம் 1964. நாலு பையன்கள் சேர்ந்து ஒரு ராக் குழு நடத்துகிறார்கள். போட்டி நெருங்கும்போது டிரம்மர் பார்க்கிங் மீட்டரைத் தாண்டிக் குதித்துக் கையை ஒடித்துக்கொள்கிறான். அவனுக்குப் பதிலாக, அப்பாவின் ரேடியோ, டிவி கடையில் நிற்கும் பையனைக் கூப்பிடுகிறார்கள். அவன் மேடையில், மெதுவாகப் போக வேண்டிய காதல் பாட்டை ரொம்ப வேகமாக அடித்துவிடுகிறான். பாட்டை எழுதியவன் திரும்பித் திரும்பி முறைக்கிறான். கூட்டமோ எழுந்து ஆட ஆரம்பித்துவிடுகிறது! அந்த இடத்தில் எங்கள் பையன் தலையணையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கூடவே தட்டினான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பத்து நிமிடம் கூட அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொள்ள விடவில்லை.

படத்தின் உயிரே ஒரு காட்சியில் இருக்கிறது. அவர்கள் பாட்டு முதல் தடவையாக ரேடியோவில் வருகிறது. பாடகனின் காதலி தெருவில் நடந்துகொண்டே காதில் மாட்டிய சின்ன ரேடியோவில் அதைக் கேட்டுவிட்டுக் கத்துகிறாள், ஓடுகிறாள். வழியில் பாஸ் கிட்டார் வாசிக்கிற பையனும் சேர்ந்து ஓடுகிறான். கடைக்குள் பாய்ந்து, ரேடியோவைச் சத்தமாக வைத்து, எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். இருபது தடவை பார்த்த எனக்கே இன்னும் தொண்டை அடைக்கும். நேற்று அவள் ஓட ஆரம்பித்தாள். சட்டென்று திரை கறுத்தது. கழிவறை கழுவுகிற திரவத்துக்கு விளம்பரம்! அதுவும் படத்தின் சத்தத்தைப் போல இரண்டு பங்கு சத்தத்தில். அப்புறம் கடன் கொடுக்கிற செயலி, அப்புறம் மறுபடி அதே கழிவறை. திரும்பி வந்தபோது அவள் பாதி ஓட்டத்தில் இருந்தாள். எங்கள் பையன் தலையணையைக் கீழே வைத்துவிட்டிருந்தான். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு, பாட்டு நடுவே கழிவறையைக் காட்டுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

சரி, அதையாவது பொறுத்துக்கொண்டேன். கடைசியில் செய்ததை எப்படிப் பொறுப்பது?

ஹாலிவுட் வரை போய், தொலைக்காட்சியில் வாசித்து, இரண்டாவது பாட்டு வெளிவரும் முன்பே குழு சிதறிவிடும். அதற்கப்புறம் ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்று திரையில் எழுத்தில் வரும். அதில்தான் நான் காத்திருந்த வரி இருக்கிறது. அந்த பாஸ் வாசிக்கிற பையனுக்குப் படம் முழுக்கப் பெயரே கிடையாது. யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பட்டாளத்தில் சேரப் போகிறவன். வியட்நாம் போரில், கே சான் என்கிற இடத்தில் அவன் காயம்பட்டுப் பதக்கம் வாங்கினான் என்று அந்த எழுத்துதான் சொல்லும். அதுவரை சிரித்துக்கொண்டு இருந்தவனுக்கு அந்த ஒரு வரியில் முதுகு சில்லென்று ஆகும். பையன் அதைப் படிக்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான் நான் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தேன்.

முதல் எழுத்து வந்தது. பாதி வரி படித்திருப்போம். படம் சுருங்கித் தீப்பெட்டி அளவில் ஒரு மூலைக்குப் போய்விட்டது. மீதித் திரை முழுக்க ஒரு பேய்ப் படத்தின் பெண், வாயைப் பிளந்துகொண்டு. பக்கத்தில் 5, 4, 3 என்று எண்ணிக்கை. பதறிப்போய் ரிமோட்டைத் தேடினேன், அது தலையணைக்கு அடியில். எடுத்து நடுப் பொத்தானை அமுக்கினால் பேய்ப் படமே ஓட ஆரம்பித்தது. பின்னால் போகிற பொத்தானை அமுக்கினேன், முகப்புக்குக் கொண்டுபோய் விட்டது. மறுபடி படத்தின் பெயரை அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்தேன். பார்த்து முடித்த படம் என்று அதுவாகவே முடிவு செய்துகொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. ஆரம்பத்தில் இரண்டு விளம்பரம், ஆம், அதே கழிவறை! 108 நிமிடப் படத்தை ஓட்டி ஓட்டிக் கடைசிக்குக் கொண்டுபோனேன். எழுத்து வந்தது, மறுபடி தீப்பெட்டி. இந்தத் தடவை மேல் அம்புக்குறியை அமுக்கிப் படத்தைப் பெரிதாக்கிவிட்டேன். அதற்குள் அந்த வரி போய்விட்டது. மூன்றாவது தடவை சரியாக அந்த இடத்தில் நிறுத்தினேன். நிறுத்தினால் திரையின் கீழ்ப்பாதி கறுப்பாகி, அதன் மேல் படத்தின் பெயரும் ஓடிய நேரமும் வந்து நிற்கின்றன. எழுத்து அதற்கு அடியில்!

அமைப்புகளில் போய், அடுத்த படம் தானாக ஓடுவதை நிறுத்தலாமே என்று யாராவது சொல்லாதீர்கள். நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன்.

“விடுங்க மாமா, போன்ல தேடிப் பாத்துக்கறேன்” என்றான் பையன். அதைக் கேட்டதும்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். முடிவைப் போனில் தேடிப் படித்துக்கொள்ளலாம் என்று ஒரு பிள்ளை சர்வசாதாரணமாகச் சொல்கிற அளவுக்குப் பழக்கிவிட்டார்கள்.

அந்த எழுத்துக்குப் பின்னால்தான் வேலை செய்தவர்களின் பெயர்களும் ஓடுகின்றன. அந்தப் பாட்டை நிஜத்தில் எழுதியவர் ஆடம் ஷ்லெசிங்கர். படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தும் சலிக்காத, 1964ல் வந்தது போலவே ஒலிக்கிற ஒரு பாட்டை எழுதியவர். ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது, அமெரிக்காவில் பாட்டுகளை வரிசைப்படுத்துகிற நிஜமான பில்போர்டு பட்டியலிலும் 41வது இடம் வரை போனது. 2020ல் கொரோனாவில் இறந்துபோனார், 52 வயது. பேர் வாங்கப் பாடுபடுகிற பையன்களைப் பற்றிய படத்தில், பாட்டைக் கொடுத்த மனிதரின் பேரைத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடுவதற்கு இவர்கள் யார்? ஒரு நிமிடம் சும்மா இருந்தால் சந்தாவை நிறுத்திவிட்டா ஓடிவிடுவோம்?

கடைசியில் நானே வாயால் சொன்னேன், அந்த பாஸ் வாசிக்கிறவனுக்கு என்ன ஆனது என்று. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நாளைக்கு ஸ்கூல்ல பாட்டு பீரியட்ல இந்தப் பாட்டைப் பத்திப் பேசலாம்னு நெனச்சேன் மாமா” என்றான். பேசு என்றேன். “அந்த பீரியட மேக்ஸ் சார் வாங்கிட்டாரு.” எத்தனை வாரமாக என்று கேட்டேன். ஜூனிலிருந்தாம்! வாரத்துக்கு இருப்பதே ஒரு பாட்டுப் பீரியட், அதையுமா ஐயா கணக்குக்கு எடுத்துக்கொள்வீர்கள்?