அஞ்சு செக்கன் பெரட்டு

(இலங்கை மலையகத்தின் தலவாக்கலையில் ஒரு போன் கடை. வெளியே மழை. ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை ராமையா குடையை உதறிக்கொண்டு உள்ளே நுழைகிறார். கடைக்கார குமார் யாரோ ஒருவரின் போனைப் பிரித்துப் போட்டு, திருகாணியைத் தேடிக்கொண்டிருக்கிறான்.)

ராமையா: தம்பி, கொழும்புல இருக்க மகன் ஒரே நச்சரிப்பு. பேஸ்புக்குக்கு வாங்கப்பா, பேரன் படத்தப் பாக்கலாம்ங்கிறான். எனக்கு அது வேணாம். கூகுள்ல அந்த மாதிரி ஒன்னு தொறந்து குடு.

குமார்: கூகுள்லயா? ஏங்கய்யா?

ராமையா: அவன் விஷயம் தெரிஞ்சவன். சக்கரைக்குப் பாவக்கா நல்லதான்னு கேட்டாலும் பதில் சொல்றான். அவன்கிட்டயே இருந்துக்கிறேன்.

குமார்: அதெல்லாம் தொறந்து பாத்து மூடியாச்சுங்கய்யா. மொதல்ல ஆர்குட், 2004 ஜனவரி. பேஸ்புக் பொறந்ததே அடுத்த மாசந்தான்.

ராமையா: அப்ப இவன் மூத்தவன்!

குமார்: பிரேசில்லயும் இந்தியாவுலயும் ஓஹோன்னு ஓடுச்சு. செஞ்ச இஞ்சினியர் பேரு ஆர்குட், துருக்கிக்காரரு. அவர் பேரையே வச்சாங்க. 2014ல மூடிட்டாங்க.

ராமையா: அவருக்காவது பேரு வச்சாங்க. ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஒழச்சேன், ஒரு தண்ணிக் கானுக்குக்கூட என் பேர வைக்கல.

குமார்: அடுத்து 2010ல பஸ்.

ராமையா: ஹட்டன் பஸ்ஸா?

குமார்: இல்லங்கய்யா, கூகுள் பஸ் (Buzz). ஜிமெயிலுக்குள்ளயே சொருகிட்டாங்க. நீங்க யாருக்கு அடிக்கடி மெயில் போடுறீங்களோ, அவங்களையெல்லாம் அதுவா கூட்டாளின்னு சேத்துருச்சு. அந்த லிஸ்ட மத்தவங்களும் பாக்கலாம்.

ராமையா: இரு, இரு. நான் தோட்டத்துத் தொரைக்கும் எழுதுவேன், தொழிற்சங்கத் தலைவருக்கும் எழுதுவேன்.

குமார்: ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கும்.

ராமையா: (குரலைத் தாழ்த்தி) அடகுக்கடைக்காரருக்கு எழுதுனா?

குமார்: உங்க வீட்டம்மாவே பாத்திருப்பாங்க.

ராமையா: ஐயையோ! தோடு கம்மல் கதையெல்லாம் கந்தலாயிருக்குமே!

(அந்தத் தோடு இன்னும் மீளவில்லை என்பது இந்தக் கடைவீதியில் அவர் மனைவியைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.)

குமார்: அமெரிக்காவுல சும்மா விடல. வழக்குப் போட்டு 85 லட்சம் டாலர் கட்ட வச்சாங்க. அரசாங்கம் வேற, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வெளியாள் வந்து சோதிக்கணும்னு 20 வருஷத்துக்குப் போட்டுருச்சு.

ராமையா: 20 வருஷத்துக்கு ஆடிட்டிங்கா! அதுக்கப்புறமாவது அடங்குனாங்களா?

குமார்: எங்க! 2011ல கூகுள் பிளஸ். ஆளுங்கள வட்டம் வட்டமாப் பிரிக்கலாம். சொந்தக்காரங்க ஒரு வட்டம், கூட்டாளிங்க ஒரு வட்டம்.

ராமையா: இது நல்லாருக்கே. சம்பந்திய எதுல போடுறது?

குமார்: அது உங்க இஷ்டம்.

ராமையா: எல்லா வட்டத்துக்கும் வெளிய போடு.

குமார்: மொதலாளி லாரி பேஜ், ஆளுங்க போனஸுல ஒரு பங்கையே இந்த மாதிரி வேலை ஜெயிக்கிறதோட முடிச்சுப் போட்டாருங்கய்யா. 2013ல யூடியூப்புல ஒரு வார்த்தை எழுதணும்னாலும் பிளஸ் கணக்கு வேணும்னாங்க.

ராமையா: ஆளு தானா வரலேன்னதும் தப்பு அடிச்சு, காலையில வேலைக்கு ஆள் சேக்குற பெரட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டிருக்காங்க. வந்தாங்களா?

குமார்: பேர் போட வந்தாங்க, போயிட்டாங்க. 2018ல கூகுளே சொல்லுச்சு: உள்ள வந்தா, நூத்துக்கு 90 தடவை அஞ்சு செக்கன்கூட நிக்கிறதில்லையாம்.

ராமையா: அஞ்சு செக்கனா! அதுக்கு அரை நாள் கூலின்னு அரைப்பேரு போட்டாலே ஆபீஸ்ல என்னைய வெரட்டியிருப்பாங்க. நம்ம பொம்பளைங்க மழைக்குக் கொங்காணி கட்டவே அதவிட நேரமாகும்.

குமார்: 5 லட்சம் பேரோட விவரம் ஒழுகுற மாதிரி ஓட்டை வேற இருந்துச்சு. 2019 ஏப்ரல் 2 ஆம் திகதி மூடுவிழா.

ராமையா: இவ்வளவு காசு வச்சுக்கிட்டு ஏன் தம்பி முடியல?

குமார்: உங்க மகன் எங்க இருக்காரு?

ராமையா: பேஸ்புக்குல.

குமார்: மருமக?

ராமையா: அதுலதான். (யோசித்து) பேரனும் அதுலதான்.

குமார்: அவ்வளவுதாங்கய்யா.

ராமையா: நம்ம மலைப்பக்கம் அவங்க எட்டியே பாக்கலயா?

குமார்: பாத்தாங்களே! வானத்துலருந்து இண்டர்நெட் குடுக்க 'லூன்'னு ஒரு பலூன் விட்டாங்க. 2016 பெப்ரவரியில கம்பளைப் பக்கம் தேயிலைக்குள்ள கெடந்துச்சு.

ராமையா: விழுந்துருச்சா?

குமார்: விழல, நாங்களே எறக்குனதுன்னு சொன்னாங்க.

ராமையா: நம்ம பழைய கங்காணியும் சம்பள நாள்ல கானுக்குள்ள கெடந்துக்கிட்டு இதேதான் சொல்லுவாரு. சரி, பேஸ்புக்கையே தொற. சம்பந்திக்கு மட்டும் தெரியக் கூடாது.

குமார்: (போனைத் தட்டி) தொறந்தாச்சு. ஆ... மொத ரிக்வெஸ்டே வந்துருச்சு.

ராமையா: மகனா?

குமார்: சம்பந்தி.

ராமையா: தொறந்து அஞ்சு செக்கன் ஆயிருச்சா?

குமார்: ஆயிருச்சுங்கய்யா.

ராமையா: மூடு!