ராபின் ஹூட்ஸ் பே செல்லக் கார் கட்டாயமில்லை

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள ராபின் ஹூட்ஸ் பே கிராமத்தில் ரயில் நிலையம் இல்லாததால், கார் இல்லாதவர்கள் அங்கே போகவே முடியாது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அதைப் பலரும் பகிர்ந்திருப்பதால் இந்த விளக்கம்.

ரயில் இல்லை என்பது உண்மைதான். ஸ்கார்பரோவையும் விட்பியையும் இணைத்து இந்தக் கிராமத்தின் வழியே ஓடிய பாதை 1965-இல் மூடப்பட்டது, இன்று அது சிண்டர் டிராக் என்ற நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் இருக்கிறது. ஆனால் அதே இரண்டு ஊர்களுக்கும் இடையே ஓடும் எக்ஸ்93 பேருந்து இந்தக் கிராமத்தில் நின்று செல்கிறது. யார்க்கிலிருந்து ஸ்கார்பரோவுக்கும், மிடில்ஸ்பரோவிலிருந்து விட்பிக்கும் ரயில்கள் உள்ளன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சிவப்பு ஓட்டு வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பழைய கிராமம் செங்குத்தான சரிவின் அடியில் இருப்பதால், காரில் வருபவர்களும் வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு, பேருந்தில் வந்தவர்களைப் போலவே நடந்துதான் இறங்க வேண்டும்.

சந்தேகமிருப்பவர்கள் கூகுள் மேப்ஸில் விட்பியிலிருந்து வழி கேட்டு, பொதுப் போக்குவரத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அல்லது பிரிட்டனின் பொதுப் போக்குவரத்து விவரங்களைத் தரும் டிராவல்லைன் தளத்தில் தேடலாம். பயண நாளையே உள்ளிட்டுத் தேடுங்கள், ஏனெனில் கால அட்டவணை பருவத்துக்கேற்ப மாறும்; திரும்புவதற்கான கடைசிப் பேருந்தின் நேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.