சாப்பிட்டாச்சும்மா

போன வாரம் மன்னார்குடியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், நல்ல பெரியவர், வத்தக்குழம்புக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே சொன்னார்: “கொரோனாவுல நடந்த ஒரே நல்லது என்ன தெரியுமாம்மா? காலேஜ் புள்ளைங்கள்லாம் வீட்டுக்கு வந்து ஒழுங்கா வீட்டுச் சாப்பாடு சாப்புட்டுச்சுங்க.” சாப்பிடுகிற இடத்தில் வாக்குவாதம் எதற்கு என்று அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

வீட்டுச் சாப்பாடு என்பது உண்மை. ஒழுங்காகச் சாப்பிட்டோம் என்பது பொய்.

2020 மார்ச்சில் நான் சென்னையில் எம்.எஸ்ஸி. முதல் வருடம். தம்பி திருச்சியில் பி.இ. மாசக் கடைசி வரை லீவு என்று ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு சுடிதாரோடு நீடாமங்கலம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு வந்தவள், திரும்பிப் போனது டிசம்பரில்.

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. வந்த நேரம் உளுந்து எடுக்கிற நேரம். புது உளுந்தில் அம்மா களி கிண்டி நல்லெண்ணெய் ஊற்றித் தருவாள். கொல்லையில் முருங்கை. வாங்க ஆள் வராமல் வாழைத்தார்கள் திண்ணையிலேயே பழுத்துக் கிடந்தன. கூலி வேலை நின்றுபோன வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் இனிமேல் சொல்லப்போவது கொழுப்பெடுத்த பேச்சாகத் தெரியும். நியாயம்தான்.

ஹாஸ்டலில் டிபன் ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடிந்துவிடும். ஐந்து நிமிஷம் தாண்டினால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்ச வேண்டும். மெஸ் சாம்பாரை நாங்கள் திட்டாத நாளே கிடையாது. ஆனால் எட்டுப் பேர் சேர்ந்து திட்டுகிற சாக்கில் நாலு இட்லி இறங்கிவிடும். ஒரு வேளை போகாவிட்டால், “ஏண்டி வரல?” என்று கேட்க ஒருத்தி இருப்பாள்.

வீட்டில் அப்பா விடிகாலையில் நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார். எட்டு மணிக்கு அம்மா சமையலை முடித்துவிடுவாள். நான் எழுந்திருப்பது ஒன்பது இருபத்தைந்துக்கு, ஒன்பதரை கிளாசுக்காக. சிக்னல் கிடைப்பது மாடி அறை ஜன்னல் ஓரத்தில் மட்டும். அதனால் தட்டும் மாடிக்கு வந்தது. ஒருநாள் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது மேடம் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். இடது கையால் தடவித் தடவி மியூட்டை எடுத்து, ஏதோ உளறி, மறுபடி மியூட் போட்டுப் பார்த்தால் வலது கை விரலிடுக்கில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. சாப்பிட்டது பாதியா முக்காலா என்றே ஞாபகம் இல்லை.

அப்புறம் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் தம்பி அறையிலிருந்து மேகி வாசனை. அதைத் தின்றுகொண்டே அவன் பார்ப்பது, புதுக்கோட்டைப் பக்கம் தாத்தாவும் பேரன்களும் பெரிய பெரிய அண்டாவில் சமைத்துப் பலருக்கும் பரிமாறுகிற யூடியூப் வீடியோ!

ஊரடங்கில் ஆளாளுக்குப் போட்டுப் பார்த்த டல்கோனா காபியையும், அதுதான் நுரை பொங்க அடிக்கிற காபி, விடவில்லை. டிகிரி காபிக்குப் பேர்போன கும்பகோணம் கூப்பிடு தூரத்தில் இருக்க, இன்ஸ்டன்ட் தூளையும் சீனியையும் அரை மணி நேரம் ஸ்பூனால் அடித்தேன். “இந்த நேரத்துக்கு மாவாட்டியிருக்கலாம்டி” என்றாள் அம்மா.

அவள் பாடுதான் பெரும்பாடு. ஆளுக்கொரு நேரம் என்றால் ஆளுக்கொரு தடவை சூடு பண்ண வேண்டும். எங்கள் வீட்டில் நாற்பத்தைந்து நாள் வருகிற சிலிண்டர் அப்போது ஒரு மாசம்கூட வரவில்லை. கொல்லையில் பழைய விறகு அடுப்பை மெழுகி மறுபடி பற்றவைத்தாள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் சூடு பண்ணிய குழம்பைத்தான் நான் ஜன்னல் ஓரத்தில் ஆறவிட்டேன்.

இதற்கு நேர்மாறாக என் தோழி ஒருத்தி. ஊர் அசாம். ஆராய்ச்சி மாணவி, ரயில் நின்றுபோய்த் தஞ்சாவூரில் வாடகை அறையில் மாட்டிக்கொண்டாள். இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று அம்மா உணவகத்தில்தான் வயிறு கழுவினாள். ஒருநாள் போகவில்லை. மறுநாள் இட்லி எடுத்துக் கொடுக்கிற அக்கா, “நேத்து ஏம்மா வரல, காய்ச்சலா?” என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து பசிக்காவிட்டாலும் போய் வரிசையில் நின்றேன் என்றாள். வீட்டுச் சாப்பாடு இருந்த என்னைவிட அவள்தான் நேரத்துக்குச் சாப்பிட்டிருக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடக் கூட ஆள் வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது நடவின்போது. அந்த வருஷம் ஜூன் 12ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். எட்டு வருஷத்துக்கு அப்புறம் குறித்த தேதியில் வந்த தண்ணீர். ஊரே குறுவையில் இறங்கியது. அம்மாவும் நடவில் நின்றதால் சாப்பாட்டுத் தூக்கை நான் கொண்டுபோனேன். ஒரு மணிக்கு எல்லோரும் கரையேறி, சேற்றுக் கையை வாய்க்காலில் அலசிவிட்டு, கொஞ்சம் தள்ளித் தள்ளி வரப்பில் உட்கார்ந்தார்கள். பழைய சோறு, மாங்காய் ஊறுகாய். ஓர் அக்கா தன் தூக்கிலிருந்த கருவாட்டுக் குழம்பை எட்டி என் சோற்றில் ஊற்றினார். “என்னா புள்ள, கோழி கொத்துற மாதிரி கொத்துற?” போன் கையில் இல்லை. மூன்று தடவை சோறு வாங்கினேன். மறுநாளும் தூக்கு நானே எடுத்துப் போனேன், கிளாசைக் கட் அடித்துவிட்டு.

தம்பி இப்போது கோயம்புத்தூரில் ஒற்றை அறையில் இருந்து வேலை பார்க்கிறான். ராத்திரி ஒன்பதுக்கு அம்மா போன் பண்ணுவாள். ஸ்பீக்கரில்தான் பேசுவாள், எனக்கும் கேட்கும். “சாப்பிட்டாச்சும்மா” என்கிறான், அவள் கேட்பதற்கு முன்பே. பின்னால் கறுக் கறுக்கென்று மிக்சர் கடிக்கிற சத்தம்.