கையெழுத்தைத் தள்ளினால் போட்டவரிடம் சொல்லுங்கள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் நகரத்தை ஒட்டி செயின்ட் ஜார்ஜ் என்றொரு பகுதி. தனி நகரமாகப் பிரிய வேண்டும் என்று அங்கே மனு போட்டார்கள். அந்தப் பகுதியின் பதிவுபெற்ற வாக்காளர்களில் 25 விழுக்காட்டினர் கையெழுத்துப் போட்டால்தான் விஷயம் தேர்தலுக்கே போகும். தேவைப்பட்டது 17,859 கையெழுத்து. சரிபார்த்து முடித்த வாக்காளர் பதிவாளர் 2015இல் செல்லும் என்று ஏற்றது 17,788. எழுபத்தொன்று குறைந்ததால் மனு அங்கேயே நின்றது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பிரிவினையில் எனக்கு உடன்பாடு கிடையாது. தனிப் பள்ளி மாவட்டம் (பள்ளிகளைத் தனியே நடத்தும் நிர்வாகப் பகுதி) வேண்டும் என்று கிளம்பிய பேச்சு, அது சட்டமன்றத்தில் எடுபடாமல் போனபின் தனி நகரக் கோரிக்கையாக மாறியது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு நகரத்தின் பக்கத்திலிருந்து, வெள்ளையர் அதிகமுள்ள வசதியான பகுதி தன் வரிப்பணத்தோடு விலகுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அங்கே குடியிருந்திருந்தால் எதிர்த்துத்தான் வாக்களித்திருப்பேன். ஆனாலும் அந்த 71 என்ற எண் என்னை உறுத்துகிறது. தள்ளுபடியான கையெழுத்துகளில் எத்தனை உண்மையிலேயே போலி, எத்தனை சொந்தக் கையால் போட்டும் 'ஒத்துப்போகவில்லை' என்று கழிந்தவை? போட்டவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மனுக் கையெழுத்து விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கும் வழக்கமே இல்லை.

(பின்கதை தெரியாதவர்களுக்கு: 2018இல் எல்லையைச் சுருக்கி மறுபடி மனு போட்டார்கள். அது தேறியது. 2019 அக்டோபரில் 54 விழுக்காடு ஆதரவோடு வென்றார்கள். வழக்கு பல வருடம் இழுத்து, 2024 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் பிரிந்து போகலாம் என்று தீர்ப்பளித்தது.)

இப்போது நான் வாழும் கலிஃபோர்னியாவுக்கு வருகிறேன். இங்கே ஒரு பகுதி நகரத்தோடு சேர வேண்டும், நகரத்திலிருந்து விலக வேண்டும், புது நகரமாக வேண்டும், இரண்டு தண்ணீர் வாரியங்களை ஒன்றாக்க வேண்டும் என்றால் எல்லாம் 'லாஃப்கோ' என்ற ஆணையத்தின் வழியாகத்தான் நடக்கும். மாநிலத்தின் 58 கவுண்டியிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஆளுக்கொன்று இருக்கிறது. 1963இல் தொடங்கிய ஏற்பாடு. இப்போதுள்ள சட்டம் 2000இல் வந்த கோர்டீஸ்–நாக்ஸ்–ஹெர்ட்ஸ்பெர்க் சட்டம். மாநிலத்துக்கு வெளியே இதைப் பற்றிப் பேசுவார் அரிது. ஆனால் உங்கள் தெருவிளக்குக்கு யார் பொறுப்பு, தீயணைப்பு வண்டி எங்கிருந்து வரும், தண்ணீர்க் கட்டணம் யாருக்குப் போகும் என்பதெல்லாம் இதில்தான் முடிவாகிறது.

மக்களே மனு கொடுத்து இதைத் தொடங்கலாம். ஒரு பகுதி நகரத்தோடு சேர வேண்டுமென்றால் அங்குள்ள பதிவுபெற்ற வாக்காளர்களில் 5 விழுக்காடு கையெழுத்து வேண்டும். புது நகரம் என்றால் 25 விழுக்காடு. முதல் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாவற்றையும் வாங்க வேண்டும். கடைசிக் கையெழுத்து விழுந்து 60 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் தேதி கட்டாயம். தாக்கல் ஆனதும், விடுமுறை நாள்கள் போக 30 நாளுக்குள் ஆணையத்தின் நிர்வாக அலுவலர் மனு போதுமானதா இல்லையா என்று சான்று தர வேண்டும். வாக்காளர்கள் போட்ட மனுவென்றால் தேர்தல் அலுவலகத்தின் வாக்காளர் பதிவோடு ஒப்பிடுவார்கள். நில உரிமையாளர்கள் போட்டதென்றால் சொத்துவரி மதிப்பீட்டுப் பட்டியலோடு. எண்ணிக்கை குறைந்தால் மனுதாரர்களுக்குத் தபால் வரும். 15 நாளுக்குள் கூடுதல் கையெழுத்து வாங்கித் தரலாம்.

இவ்வளவு விவரமாக எழுதி வைத்த சட்டத்தில் 'மனுதாரர்' இருக்கிறார், 'நிர்வாக அலுவலர்' இருக்கிறார். கையெழுத்துப் போட்ட ஆளுக்கு மட்டும் அதன்பின் எந்தத் தகவலும் கிடையாது. அவர் கையெழுத்து ஏற்கப்பட்டதா, அடிக்கப்பட்டதா, ஏன் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பகுதியைப் பக்கத்து நகரத்தோடு சேர்க்கக் கேட்டு ஒரு மனு வந்தபோது நானும் படிவ அட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அந்தப் படிவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வரிசைக்கு விரற்கடை உயரம்தான் இருக்கும். அதற்குள் அச்செழுத்தில் பெயர், கையெழுத்து, வீட்டு முகவரி, ஊர், தேதி. வாசலில் நின்றபடி, ஒரு கையில் குழந்தையையோ நாய்க் கயிற்றையோ பிடித்துக்கொண்டு போடுவார்கள். முகவரி நீளமாக இருந்தால் கையெழுத்துக் கட்டத்துக்குள் ஏறிவிடும். பேனா பாதியில் நிற்கும். இந்தக் கையெழுத்தை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். 2018 ஏப்ரலிலிருந்து இங்கே ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும்போதே வாக்காளர் பதிவும் நடந்துவிடுகிறது. பலருடைய பதிவுக் கையெழுத்து, அங்கே கண்ணாடிப் பலகையில் பிளாஸ்டிக் குச்சியால் இழுத்ததுதான். அந்தக் கோட்டுக்கும் வாசலில் போட்ட கையெழுத்துக்கும் இடையே கிடக்கிறது ஒருவருடைய உரிமை.

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர், பிள்ளைகளோடு இருக்க வந்து குடியுரிமை வாங்கியவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஊரில் காலமெல்லாம் தமிழில் கையெழுத்துப் போட்டவர். இங்கே பதிவுப் படிவத்தில் மகன் சொன்னபடி ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார், முழுப்பெயராக. என் படிவத்தில் பழக்கதோஷத்தில் இனிஷியலோடு தமிழில் போட்டார். அது அடிபட்டது. மனுதாரர் என்ற முறையில் எங்கள் குழு போய்க் கேட்டதால்தான் எங்களுக்கே தெரிந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னபோது, "என் கையெழுத்து இல்லேன்னு எங்கிட்ட கேக்காமலே எப்படிப்பா முடிவு பண்ணாங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

சட்டம் முழுக்கக் கல்நெஞ்சு என்று சொல்ல மாட்டேன். கலிஃபோர்னியாவின் தேர்தல் சட்டம் 105ஆம் பிரிவு, முதற்பெயருக்கோ நடுப்பெயருக்கோ பதில் இனிஷியல் போட்டதற்காகக் கையெழுத்தைத் தள்ளக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அடுக்குமாடி வீட்டு எண் விட்டுப்போனாலும் பரவாயில்லை. மாநில விதிகளும், கையெழுத்து அந்த வாக்காளருடையதுதான் என்ற அனுமானத்தோடுதான் ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும், அச்சு அசலாக ஒத்துப்போகத் தேவையில்லை என்கின்றன. நல்ல விதிகள்தான். ஆனால் எழுத்துமுறையே மாறிப்போன கையெழுத்தை, தமிழ் தெரியாத ஒரு ஊழியர் எந்த அனுமானத்தை வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்? அந்த ஊழியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தேவை ஒரு தொலைபேசி எண்ணும் கேட்கும் அதிகாரமும்.

அதே 105ஆம் பிரிவில் முகவரி விஷயம் கடுமையாக இருக்கிறது. படிவத்தில் எழுதிய முகவரியும் பதிவில் உள்ள முகவரியும் வேறாக இருந்தால் கையெழுத்து செல்லாது. வாடகை ஏறி, அதே பேட்டையில் இரண்டு தெரு தள்ளிக் குடிபோனவர் இன்னும் அந்தப் பகுதிக்காரர்தானே? எல்லை மாறினால் அவருக்கும்தான் வரி மாறும், தண்ணீர்க் கட்டணம் மாறும். சொந்த வீட்டுக்காரர்கள் பதினைந்து இருபது வருடம் ஒரே முகவரியில் இருப்பார்கள். இந்த விதியில் அடிபடுவது பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர்கள்தான். எல்லோருக்கும் ஒரே விதி என்று தாளில் இருந்தாலும் விளைவு ஒரே மாதிரி விழுவதில்லை.

அஞ்சல் வாக்குச்சீட்டில் இதே சிக்கல் வந்தபோது இதே மாநிலம் என்ன செய்தது என்று பார்த்தால் எனக்கு ஆதங்கம் கூடுகிறது. உறையின் மேலுள்ள கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சொல்லி, வாக்காளருக்குத் தெரியாமலே வாக்கைத் தள்ளி வந்தார்கள். வழக்குப் போட்டார்கள். 2018 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ மேல்நிலை நீதிமன்றம் அது தவறு என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் சட்டமே வந்துவிட்டது: தள்ளுவதற்கு முன் வாக்காளருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும், சரிசெய்ய நாள் கொடுக்க வேண்டும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாதபடி, இன்னும் இரண்டு அலுவலர்கள் பார்த்து ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும் என்ற பாதுகாப்பும் இப்போது இருக்கிறது. வாக்குச்சீட்டு எங்கே இருக்கிறது என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி கூட மாநிலத்திடம் உண்டு.

அதே மாமா, அதே கை, ஒப்பிடுவதும் அதே தேர்தல் அலுவலகம். வாக்குச்சீட்டு என்றால் வீடு தேடிக் கடிதம் வரும். மனு என்றால் ஒரு வார்த்தை கிடையாது. இந்த வேறுபாட்டுக்கு யாராவது நியாயம் சொன்னால் கேட்கத் தயாராக இருக்கிறேன். இதுவரை நான் கேட்ட ஒரே பதில், 'அது வாக்கு, இது வெறும் மனு' என்பது. சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பிரிய வேண்டும் என்று கேட்ட மனுவில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. தேவைப்பட்டது சுமார் 1,32,000. 1999இல் மனு தேறியது என்று சான்று கிடைத்த பிறகுதான் ஆய்வு, அறிக்கை, 2002 நவம்பரில் தேர்தல் என்று எல்லாம் நடந்தது. பள்ளத்தாக்கில் மயிரிழையில் ஆதரவு, நகரம் முழுக்கச் சேர்த்து எண்ணியபோது தோல்வி. முடிவு எப்படியோ போகட்டும், மனு தேறாமல் போயிருந்தால் வாக்குச்சீட்டே அச்சாகியிருக்காது. மனு வாசற்படி என்றால் வாசற்படியில் நிறுத்தப்படுபவருக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

சரி, எதிர்வாதம் வலுவானது, அதையும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். போலிக் கையெழுத்து கற்பனை கிடையாது. 2022இல் மிஷிகன் மாநிலத்தில் ஆளுநர் தேர்தலுக்கு நிற்க வந்த ஐந்து குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் இதனாலேயே வாக்குச்சீட்டில் இடம்பெற முடியாமல் போனார்கள். பல்வேறு மனுக்களில் 36 பேர் திரட்டித் தந்தவற்றில் குறைந்தது 68,000 செல்லாத கையெழுத்துகள் என்று தேர்தல் துறை கண்டுபிடித்தது. கூலிக்குக் கையெழுத்துத் திரட்டுபவர்கள் ஒன்றாக உட்கார்ந்து தாளைச் சுற்றிவிட்டு ஆளுக்கொரு வரி எழுதுவது பழைய வேலை. கையெழுத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் இடத்தில் அது நடக்கத்தான் செய்யும். ஆகவே சரிபார்ப்பு தளர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இன்னும் கடுமையாகவே பார்க்கட்டும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், போலியைப் பிடிக்கவும் இதைவிட நல்ல வழி எது? 'உங்கள் பெயரில் ஒரு மனுவில் கையெழுத்து இருக்கிறது, ஒத்துப்போகவில்லை, நீங்கள் போட்டதா?' என்று கடிதம் போனால், போடாதவர் கொதித்தெழுந்து புகார் கொடுப்பார். திருடியவன் மாட்டுவான். போட்டவர் 'ஆம், நான்தான்' என்று மறுகையெழுத்துப் போட்டு அனுப்புவார். இரண்டு பக்கமும் உண்மை வெளியே வருகிறது. இப்போது என்ன நடக்கிறது? போலியும் நிஜமும் ஒரே கட்டாகச் சேர்ந்து கழிகின்றன, தன் பெயர் களவாடப்பட்ட ஆளுக்கே அது தெரிவதில்லை.

மாதிரி எடுத்துச் சரிபார்க்கும் இடங்களில் இது இன்னும் கனமாகிறது. கலிஃபோர்னியாவில் கவுண்டி, நகர அளவிலான சட்ட முன்னெடுப்பு மனுக்களில் (மக்களே ஒரு சட்டத்தை முன்மொழியும் மனுக்கள்) 500க்கு மேல் கையெழுத்து இருந்தால், 500 அல்லது 3 விழுக்காடு, எது அதிகமோ அதை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு, தேவையான எண்ணிக்கையில் 95 விழுக்காட்டுக்குக் கீழ் வந்தால் மனு தோல்வி, 110க்கு மேல் வந்தால் வெற்றி, இடையில் வந்தால்தான் எல்லாவற்றையும் எண்ணுவார்கள். 3 விழுக்காடு மாதிரியில் ஒரு கையெழுத்து தவறாக அடிபட்டால் கணக்கில் ஏறக்குறைய 33 கையெழுத்து போகிறது. அந்த ஒருவரை ஒரு முறை கூப்பிட்டுக் கேட்பதற்கு ஆகும் செலவு ஒரு தபால் தலை.

மனு தோற்றபின் பரிசீலனை இருக்கிறதே என்பார்கள். சட்ட முன்னெடுப்பு, மீளழைப்பு (பதவியில் இருப்பவரை இடையிலேயே நீக்கக் கேட்பது), பள்ளி மாவட்ட மறுசீரமைப்பு போன்ற மனுக்களில், போதவில்லை என்ற சான்று வந்து 21 நாளுக்குள் மனுதாரர்கள் போய், எந்தக் கையெழுத்து ஏன் தள்ளுபடியானது என்று பார்க்கலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியுள்ள குழு போகும். ஒரு சின்னக் குடியிருப்பின் பத்துப் பேர், வேலைக்கு விடுப்புப் போட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து தாள் தாளாகப் பார்க்க முடியுமா? தவிரவும் அது மனுதாரரின் உரிமை. கையெழுத்து மாமாவுடையது.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம்தான். வாக்காளராகப் பதிவே செய்யாதவர், எல்லைக்கு வெளியே இருப்பவர், இரண்டு முறை போட்டவர், இவற்றையெல்லாம் இப்போது போலவே தள்ளட்டும். பதிவைப் பார்த்தாலே தெரியும் விஷயங்கள் அவை. கையெழுத்து ஒத்துப்போகவில்லை, முகவரி மாறியிருக்கிறது என்ற இரண்டு காரணங்களுக்கு மட்டும், தள்ளுவதற்கு முன் அந்த ஆளுக்குக் கடிதமோ குறுஞ்செய்தியோ போகட்டும். பத்து நாள் கொடுக்கட்டும். பதில் வராவிட்டால் தள்ளட்டும். நிர்வாக அலுவலருக்கு உள்ள 30 வேலைநாளில் இது அடங்கும். அடங்காவிட்டால் பத்து நாள் கூட்டிக்கொள்ளட்டும். கடித மாதிரி அஞ்சல் வாக்குக்காக ஏற்கெனவே எழுதி வைத்ததுதான்.

எங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். கலிஃபோர்னியாவில் வாக்குரிமை உள்ள நண்பர்கள் உங்கள் உறுப்பினருக்கும் எழுதுங்கள். என் கடிதம் வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், தருகிறேன். இன்னொன்று, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுடைய வாக்காளர் பதிவில் எந்தக் கையெழுத்து இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இப்போது போடுவது வேறு மாதிரி இருந்தால் புதிய பதிவுப் படிவம் ஒன்றைப் பேனாவால் நிரப்பி, அவர்கள் வழக்கமாகப் போடும் கையெழுத்தையே, அது தமிழில் இருந்தால் தமிழிலேயே போடச் சொல்லி அனுப்பிவிடுங்கள். மாமாவுக்குப் போன வாரம் அதைத்தான் செய்தோம்.