திணறிய குழந்தைதான் வாசித்தாள்

மூன்று நாட்களாக அந்தக் காணொளி என் பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பாதியில் தனியார் பள்ளி முதல் வகுப்புச் சிறுவன் பாடத்தை மடமடவென்று சொல்லிக்கொண்டே போகிறான். மறுபாதியில் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒரே சொல்லில் நின்று தவிக்கிறாள். இரண்டையும் ஒட்டி, மக்களின் வரிப்பணம் எங்கே போகிறது பாருங்கள் என்று யாரோ எழுதிவிட, என் உறவினர்களும் என்னோடு படித்தவர்களும்கூட அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பவள் நான். பேசாமல் கடந்துபோகத்தான் நினைத்தேன், முடியவில்லை.

ஒலியை நிறுத்திவிட்டு அந்தச் சிறுவனின் விரலை மட்டும் பாருங்கள். அவன் வாய் வரியை முடிக்கும்போது விரல் மூன்றாவது சொல்லில்தான் இருக்கிறது. அடுத்த பக்கத்தின் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்ட பிறகே பக்கத்தைத் திருப்புகிறான். அந்தக் குழந்தையை நான் குறை சொல்லவில்லை. சொல்லச் சொன்னதை அழகாகச் சொல்கிறான். ஆனால் அது ஒப்பித்தல், வாசிப்பு அல்ல.

இப்போது அந்தச் சிறுமியைப் பாருங்கள். அவள் முன்னால் இருக்கும் சொல் ‘கொக்கு’. முதலில் ‘கெ’ என்கிறாள். விரல் நகர்ந்து துணைக்காலில் நிற்கிறது, ‘கா’ என்கிறாள். பிறகு விரலைப் பின்னுக்கு இழுத்து, கொம்பையும் ககரத்தையும் காலையும் ஒருசேரப் பார்த்து, ‘கொ’ என்கிறாள். எழுதும்போது முன்னால் நிற்கும் கொம்பு ஒலிக்கும்போது ககரத்துக்குப் பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போகப் பழகிய கண்ணுக்கு அங்கே ஒரு தடை இருக்கிறது. அந்தத் தடையில் முட்டி, தன் பிழையைத் தானே கண்டுபிடித்து, தானே திருத்திக்கொண்டாள். அந்தக் காணொளியில் வாசித்த குழந்தை ஒன்றே ஒன்றுதான், அது அவள்தான்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு தவறு வழியாகத்தான் வந்தது. பணியில் சேர்ந்த முதல் ஆண்டு என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பாடம் முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் சொல்வான். யார் பார்வையிட வந்தாலும் அவனைத்தான் எழுப்பி நிறுத்துவேன். ஒரு நாள் கரும்பலகையில் ‘பட்டம்’ என்று எழுதியிருந்ததில் முதல் எழுத்தை மட்டும் அழித்து ‘மட்டம்’ ஆக்கிவிட்டு அவனை வாசிக்கச் சொன்னேன். அவன் பலகையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் ‘பட்டம்’ என்றான். ஆறு மாதமாக அவன் வாசித்துக்கொண்டிருந்தது என் முகத்தைத்தான் என்பது அன்றுதான் புரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாம் எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒலியைச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறோம். பானா, டானா, இம் என்று சொல்லச் சொல்லிவிட்டுச் சேர்த்து வாசி என்கிறோம். அந்த மூன்றையும் அப்படியே சேர்த்தால் ‘படம்’ எங்கிருந்து வரும்? ‘இம்’ என்பது அந்த மெய்யின் பெயர். அதன் ஒலியோ, உதட்டை மூடிக்கொண்டு ‘ம்’ என்று மூக்கால் விடுவது. என் வகுப்பில் குழந்தைகள் உதட்டில் விரலை வைத்து அந்த அதிர்வைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எழுத்தைப் பார்ப்பார்கள். கல், பகல், சங்கு என்ற மூன்று சொற்களிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. அதை விதியாகச் சொன்னால் ஆறு வயதுக்கு ஏறாது. அவர்கள் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொற்களிலிருந்து தொடங்கினால் விதி தேவையே இல்லை.

இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு ஒலிப்புச் சோதனை ஒன்று நடத்துகிறார்கள். மொத்தம் 40 சொற்கள், அவற்றில் 20 பொருளே இல்லாதவை. பொருள் இல்லாத சொல்லை மனப்பாடமாகச் சொல்ல முடியாது, ஊகிக்கவும் முடியாது. எழுத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். அதனால்தான் நானும் ‘மிடபு’, ‘லொடி’ என்றெல்லாம் பலகையில் எழுதுகிறேன். ஆங்கில ஃபோனிக்ஸ் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டும் பெற்றோரே, அதையே தமிழில் செய்தால் டீச்சர் விளையாடிக்கொண்டிருக்கிறார் என்று வந்து சொல்லும்போது மனம் வலிக்கிறது.

தமிழில் 247 எழுத்துகள், குழந்தை எப்படித் தாங்கும் என்பார்கள். 247 படங்களை யாரும் கற்பிப்பதில்லை. 12 உயிர், 18 மெய், பிறகு குறிகள். துணைக்கால் ஒன்று புரிந்தால் 18 எழுத்துகள் ஒரே நாளில் கைக்கு வரும். ணா, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்களையும் 1978இல் அரசு ஒழுங்குபடுத்திவிட்டது. உகர வரிசைதான் இன்றும் கடினம்: சு, பு, வு ஒரு விதம், மு, ரு, ளு ஒரு விதம், து, நு, லு இன்னொரு விதம். அதற்கு நாள் வேண்டும். அந்த நாளைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் அசர் (ASER) ஆய்வின் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கும் சொல்கிறேன். 2022இல் தமிழகக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கவில்லை என்றது அது. நான் மறுக்கவில்லை. அந்தக் குழந்தைகள் கொரோனாவால் முதல் வகுப்பில் பள்ளிக்கூட வாசலையே பார்க்காதவர்கள் என்பதையும், தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்ப உட்கார வைக்கிறோம். அது நல்லது என்று மனதாரச் சொல்வேன். ஆனால் அந்த நேரத்தையும் கைப்பேசியில் பதிவேற்றும் வேலை தின்றுவிடுகிறது. ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரல் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். முப்பது பேருக்கு இரண்டரை மணி நேரம் ஆகும்.

வேலை செய்யாத ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இருக்கிறார்கள்தான்.

நாங்களெல்லாம் ஆனா ஆவன்னா என்று கத்தித்தானே படித்தோம், எங்களுக்கு வரவில்லையா என்ற கேள்விதான் என்னால் தாங்க முடியாதது. உங்களுக்கு வந்தது. வராதவர்கள் இங்கே வந்து கருத்து எழுத மாட்டார்கள். என் அண்ணனுக்கு வரவில்லை. மணலில் எழுதி விரல் தேய்ந்தும், பிரம்படி வாங்கியும், ஐந்தாம் வகுப்புவரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு நாள் நின்றுவிட்டார். அவருக்கு மூளை இல்லை என்று எங்கள் வீட்டிலேயே தீர்மானித்தார்கள், நானும் நம்பினேன். பம்புசெட் மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் மனிதர் அவர். இன்றும் மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டி, இது காலையிலா இரவிலா பாரும்மா என்கிறார். எழுத்தைப் பிரித்து, ஒலியைக் காட்டி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் அன்றைக்கு இருந்திருந்தால் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். பாடம் எழுத வந்த நான் வீட்டுக் கதைக்குப் போய்விட்டேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்தக் காணொளி 38 விநாடியில் நின்றுவிடுகிறது. ‘கொக்கு’ என்று முழுதாகச் சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். படம் பிடித்தவர் அங்கேயே நிறுத்திவிட்டார். அடுத்த சொல்லை அவள் வாசித்தாளா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் ஊரில் எல்லார் கைப்பேசியிலும் இப்போது அவள் முகம் இருக்கிறது. நாளைக் காலை அவள் வகுப்புக்குப் போக வேண்டும், அதே புத்தகத்தைத் திறக்க வேண்டும். பகிர்ந்தவர்கள் தயவுசெய்து இன்றிரவே அதை நீக்கிவிடுங்கள்.